உள்ளே பதினொன்று, வெளியே ஏழு

கூக்கோ செர்மேனோவின் கட்டைவிரல்கள் இரண்டும் எதற்கும் ஆகாது. நாற்பது வருடம் பசையைத் தொட்டு, ஷூ அச்சுக்கட்டையின் மேல் தோலை இழுத்து இழுத்து, நுனி இரண்டும் மரத்துப்போய்விட்டன. கல்லில் கிடக்கிற தொர்த்தியா ரொட்டியை வெறுங்கையால் எடுத்து மனைவியின் தட்டில் போடுவார், சுடாது. கேம் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்பது அவருக்கே தெரியாது. அதனால் ஷூவுக்குப் பேர்போன லெயோன் நகரத்தில் அந்தப் பட்டறைக்குக் கால்பந்து கேம் வந்து எட்டு வருடமாகியும் அவர் ஒரு நாளும் ஆடியதில்லை. யார் உள்ளே, யார் வெளியே, எந்த ஃபார்மேஷன் என்று சொல்வார். அவ்வளவுதான். அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. மேஸ்திரி என்பதால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது, மரியாதைக்கு எல்லோரும் கூப்பிடுகிற டான் கூக்கோ என்ற பேர் மாதிரி.

பட்டறையில் அவரைத் தவிர பதினெட்டுப் பேர். கேமை வைத்துவிட்டுப் போனது பழைய முதலாளி. அதில் ஆளை நாமே உருவாக்கலாம் என்று கண்டுபிடித்தவன் நபோர். தோல் வெட்டுகிற மேஜையில் நிற்பவன், இருபத்தெட்டு வயது, கட்டைவிரல் இரண்டும் வெட்டுக்கிளி மாதிரி துள்ளும். அவன் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பதினெட்டுப் பேரையும் உள்ளே கொண்டுவந்தான். மீசை, வழுக்கை, உடைந்த மூக்கு எல்லாம் அப்படியே. பசை பூசுகிற சோனுக்கு மட்டும் வயிறு வைக்க முடியவில்லை. கேமில் அவ்வளவு பெரிய வயிறு இல்லை. "இது நான் இல்ல, என் தம்பி" என்று சோன் ஒரு மாதம் சண்டை பிடித்தான். அவனுக்குத் தம்பியே கிடையாது.

ஓட்டத்துக்கு இவ்வளவு, உதைக்கு இவ்வளவு என்று கேமில் ஒவ்வொருவனுக்கும் மார்க் போட வேண்டும். வருடா வருடம் டிசம்பரில் அதற்கு ஓட்டெடுப்பு நடக்கும். நிஜ ஆளைப் பார்த்துத்தான் மார்க். அன்றைக்கு நடக்கிற சண்டையைக் கேட்கத் தெருவே வந்து நிற்கும்.

"இசாவ்ரோவுக்கு ஓட்டம் முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா? டேய், நான் பஸ்ஸைத் துரத்திப் பிடிச்சவன்டா!"

"பஸ் நின்னுச்சு, இசாவ்ரோ. டிரைவர் ஒண்ணுக்கு இறங்கினான்."

இசாவ்ரோ ஒர்னெலாஸ் தையல்காரர். இடது கால் கொஞ்சம் இழுக்கும். கூக்கோவுக்கு அவர் கொம்பாத்ரே. கூக்கோவின் மகள் ஒதிலியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்தான். அதற்கப்புறம் இருவரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொம்பாத்ரே, கொம்பாத்ரேதான். திட்டும்போதும் அதேதான்.

கூக்கோவின் ஃபார்மேஷன் எட்டு வருடத்தில் மாறியதே இல்லை. பின்னால் ஐந்து, நடுவில் மூன்று, முன்னால் இரண்டு. "அஞ்சு பேரை வாசல்ல நிறுத்தி வெச்சிட்டுத் தூங்கப் போற மனுஷன்" என்று எதிர்த்த தெருத் தோல் பதனிடுகிற கூடத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். கூக்கோ சிரிக்க மாட்டார். "கோல் வாங்காதவன் தோக்க மாட்டான்" என்பார். நிறைய ஆட்டம் இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லாமல் முடியும்.

வெள்ளிக்கிழமை வேலை முடியும்போது ஒரு துண்டுக் கறுப்புத் தோலை எடுப்பார். தோலில் வெட்டுக்கோடு போடுகிற வெள்ளிப் பேனாவால் பதினொரு பேரை எழுதுவார். கை கழுவுகிற தொட்டிக்கு மேலே ஓர் ஆணி. அதில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பேர் இல்லாத ஏழு பேரும் பெஞ்சு. சனிக்கிழமை மத்தியானம் கூலி வாங்கியதும் தோல்கூடத்துக்காரர்கள் பன்றித்தோல் வறுவல் வைத்துக் காரம் ஊற்றிய குவாகமாயா ரொட்டிகளோடு வருவார்கள். ஆட்டம் தொடங்கும். முதல் பாதிக்கு ஒருவன் கன்ட்ரோலரைப் பிடிப்பான், அடுத்த பாதிக்கு இன்னொருவன். யார் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். உள்ளே ஓடுகிற பதினொருவர் யார் என்பது மட்டும் கூக்கோ கையில்.

பெஞ்சில் உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இருந்தாலும் பேர் வராத சனிக்கிழமை ஆட்களுக்குக் குவாகமாயா இறங்காது. சோன் எட்டு வருடமும் பெஞ்சுதான். அவன் மட்டும் நன்றாகச் சாப்பிடுவான்.

இது நடந்தது பிப்ரவரி மாதம். பழைய முதலாளி இறந்து, அவருடைய அக்கா மகன் தாரியோ பட்டறைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மொந்தெர்ரே நகரத்தில் படித்தவன். எல்லோரும் இன்ஜினியர் என்று கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கூக்கோவை மாடிக்குக் கூப்பிட்டான். உட்காரச் சொன்னான். கூக்கோ அந்த அறையில் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"வியாழக்கிழமை மிஷின் வருது, டான் கூக்கோ. வெட்டினதைக் குடுத்தா இழுத்து, ஒட்டி, தைச்சுக் குடுத்துடும்."

"சரிங்க இன்ஜினியர்."

"ஏழு பேர் அதிகமாயிடுவாங்க."

கூக்கோ நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"இங்க யார் எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் வாராவாரம் பதினொரு பேரைப் பொறுக்குறீங்களாமே? எனக்கும் பதினொரு பேரைப் பொறுக்கிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் பிறகு கூக்கோவுக்குத் திரும்பத் திரும்ப நினைப்பில் வந்தது.

"திங்கக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிடலாம்" என்றான்.

"திங்கக்கிழமை வேணாங்க. ஆள் இருக்காது."

"ஏன் இருக்காது?"

லெயோனில் ஷூ தைக்கிறவர்களுக்கு ஒரு புனிதர் உண்டு. கோயிலில் சிலை கிடையாது, காலண்டரில் பேர் கிடையாது. சான் லூனெஸ். திங்கட்கிழமைப் புனிதர். சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிறு குடித்து, திங்கட்கிழமை படுத்துக் கிடப்பதுதான் அவருக்குச் செய்கிற பூசை. தாத்தா காலத்திலிருந்து வருகிறது. எந்தத் திங்களும் பட்டறையில் பத்துப் பேருக்கு மேல் வந்ததில்லை. வருகிற பத்தும் பாதித் தூக்கம்.

இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்கிற தெம்பு கூக்கோவுக்கு இல்லை. "பழக்கங்க" என்றார்.

"அப்ப செவ்வாய். ஆனா ஒண்ணு, டான் கூக்கோ. அதுக்குள்ள ஒரு வார்த்தை கீழ போச்சு, ஆளுங்க என்கிட்ட வந்து நின்னாங்கன்னா, லிஸ்டை நானே போட்டுக்குவேன். ஏழோட நிக்காது. பத்தாயிடும்."

கூக்கோ படி இறங்கினார். பதினாறு படி. எண்ணிக்கொண்டே இறங்கினார் என்பது கீழே வந்தபிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வீட்டில் மூன்று வாரக் குழந்தை இருந்தது. ஒதிலியாவின் முதல் பிள்ளை, ரெனாத்தா. அவ்வளவு சின்ன மூக்கு, அதில் தும்மல் மட்டும் பெரியவர்கள் மாதிரி. பால் குடித்து முடித்ததும் விக்கல் வரும். ஒவ்வொரு விக்கலுக்கும் இரண்டு கையையும் விரித்து, யாரோ கூப்பிட்டதுபோல ஆச்சரியமாகப் பார்க்கும். நகம் ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. தெருவில் போகிறவர்களெல்லாம் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இசாவ்ரோ வந்து அந்தக் காலைத் தன் கட்டைவிரலால் அளந்துகொண்டு போயிருந்தார், முதல் ஷூ தான்தான் தைப்பேன் என்று.

"அப்பா, கொஞ்சம் புடிங்க, அடுப்பைப் பாத்துட்டு வரேன்" என்று ஒதிலியா குழந்தையைக் கூக்கோ கையில் வைத்தாள். குழந்தை அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்தார். விரலில் ஒன்றும் தெரியவில்லை. போன வாரம்வரை அது அவருக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. "உன் தாத்தனுக்கு மரக்கை" என்று அதனிடமே சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எடை மட்டும் தெரிந்தது. ஒரு ஜோடி பூட்ஸ் எடை.

புதன், வியாழன் இரண்டு நாளும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களை முதலில் உள்ளே எழுதினார். நபோரின் மனைவிக்கு ஆறு மாதம், அவன் உள்ளே. சோன் தாயோடு இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை, வெளியே. மெருகு போடுகிற கிழவர் தொரிபியோ எப்படியும் அடுத்த வருடம் நின்றுவிடுவார், வெளியே. இன்னும் நான்கு பேருக்கு இன்னும் நான்கு காரணம். ஆறு ஆயிற்று. ஏழாவது இடத்தில் பென்சில் நின்றது. யாரை எழுதினாலும் அவன் வீட்டில் ஒரு குழந்தை இருந்தது. இசாவ்ரோவின் மகன்கள் இரண்டு பேரும் வடக்கே எல்லைக்கு அந்தப்பக்கம் வேலையில் இருந்தார்கள். அவருக்குக் கண்ணும் சரியில்லை. போன மாதம் இரண்டு முறை தையல் கோணிப்போயிற்று. கூக்கோ யாருக்கும் தெரியாமல் பிரித்து, தானே திரும்பத் தைத்தார்.

இசாவ்ரோ ஒர்னெலாஸ் என்று முழுப் பேரையும் எழுதினார். தோலில் எழுதும்போதெல்லாம் கொம்பாத்ரே என்றே எழுதுவார்; அந்தப் பேரை எழுதியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் தாளை மாடியில் கொடுத்தார். மாலையில் வழக்கம்போலத் துண்டுத் தோலை எடுத்தார். வெள்ளிப் பேனாவைத் திறந்தார். வழக்கமான பதினொன்றை எழுதினால் சோன் வெளியே, தொரிபியோ வெளியே, இசாவ்ரோகூட அன்றைக்கு வெளியேதான். ஒரே வாரத்தில் ஒரே ஆளை இரண்டு தடவை வெளியே எழுத வேண்டும். கை வரவில்லை. காலையில் யார் யாரை வெளியே எழுதினாரோ அந்த ஏழு பேரையும் உள்ளே எழுதினார். மீதி நான்கு இடத்துக்கு மனதில் வந்த நான்கு பேர். பின்னால் ஐந்து, நடுவில் மூன்று, முன்னால் இரண்டு. முன்னால் இரண்டில் ஒன்று சோன். ஆணியில் மாட்டினார். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. அந்த வாரம் யோசிக்கிற இடம் மூடிக்கிடந்தது.

சனிக்கிழமை காலையில் தொட்டிக்கு முன்னால் ஒரே சிரிப்பு.

"சோன் ஃபார்வர்டா? கோல் போஸ்ட்டைத் தின்னுடுவானே!"

"டான் கூக்கோவுக்குப் பேத்தி பொறந்த சந்தோஷம். அடுத்த வாரம் அந்தப் பாப்பாவைக் கோலியா நிறுத்துவார்."

"பாப்பா உன்னைவிட நல்லாப் புடிக்கும்டா."

சோன் கையைக்கூடக் கழுவாமல் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் பேரை விரலால் தடவப் போய், மை அழியுமோ என்று எடுத்துக்கொண்டான்.

நபோர் சிரிக்கவில்லை. எட்டு வருடத்தில் அவன் பேர் வராத சனிக்கிழமை கிடையாது. தோலை ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். முற்றத்தில் வியாழக்கிழமை வந்திறங்கிய பெரிய மரப்பெட்டி இன்னும் பிரிக்காமல் நின்றது. அதைத் திரும்பிப் பார்த்தான்.

"வெளிய ஏழு பேர்" என்றான்.

"எப்பவும் ஏழுதானேடா" என்றான் ஒருவன்.

"எப்பவும் இந்த ஏழு இல்லையே. நான், மெல்கோர், லுப்பே... ஓட்டம் இருக்கறவன் எல்லாம் வெளிய. செவ்வாக்கிழமை மேஸ்திரி மாடியில அரை மணி நேரம் உக்காந்துட்டு வந்தாரு. வியாழக்கிழமை மிஷின் வருது. வெள்ளிக்கிழமை நாங்க ஏழு பேர் வெளிய. கணக்கு தெரியலையா உங்களுக்கு?"

சிரிப்பு நின்றது. கூக்கோ பசை அலமாரிப் பக்கம் நின்றார்.

"சொல்லுங்க டான் கூக்கோ. என்னை வெட்டிட்டீங்களா?"

"கேம்டா அது, நபோர்."

"கேம்னா சோனை ஏன் முன்னால போட்டீங்க? ஜெயிக்கவா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க." ஏப்ரனை அவிழ்த்துத் தரையில் அடித்தான். "எனக்கு மே மாசம் குழந்தை. நீங்க சொல்லாட்டிப் போங்க. நான் மேல போய் அவன்கிட்டயே கேக்கறேன்."

மாடிப்படிக்கு நடந்தான். இன்னும் ஆறேழு பேர் பின்னாலேயே கிளம்பினார்கள். மேலே கதவு திறந்துதான் இருந்தது. கூக்கோ போய்ப் படியின் குறுக்கே நின்றார். பின்னால் பதினாறு படி. அதற்கு மேலே, ஏழு பத்தாகிவிடக் காத்திருக்கிற லிஸ்ட்.

"நீ இல்லடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "வெளிய இருக்கற யாரும் இல்ல."

நபோரின் தோள் இறங்கியது. மூச்சை விட்டான். அதற்கப்புறம்தான் அவனுக்கும் புரிந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி ஆணியில் தொங்குகிற தோலைப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது பதினொரு பேர். போகவேண்டியது ஏழு. எந்த ஏழு என்று அதில் எழுதவில்லை. ஆனால் அத்தனை வருடம் கூடவே வேலை செய்தவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தொரிபியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோன் இன்னும் தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் முகம் வேறு.

"யாரும் எண்ணாதீங்க" என்றார் இசாவ்ரோ. பின்னாலிருந்து காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "என்னைக்குச் சொல்றான், கொம்பாத்ரே?"

"செவ்வாய்."

"அதுக்கு முன்னால தெரிஞ்சா?"

"பத்து."

இசாவ்ரோ எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நபோரு, ஏப்ரனை எடுத்துக் கட்டு. பல்லைக் காட்டு. ம், அப்படித்தான். பாக்கவே அசிங்கமா இருக்கு, பரவால்ல."

மத்தியானம் மக்காரியோ தன் ஆட்களோடு வந்தார். தோல்கூடத்து மேஸ்திரி, உள்ளே வருவதற்கு முன்னாலேயே அவர் குரல் வந்துவிடும். "எங்க அந்த அஞ்சு வாட்ச்மேனுங்க? எழுப்புங்கடா!" ஸ்கிரீனில் சோனின் பேரைப் பார்த்துவிட்டு, வாயில் இருந்த ரொட்டியோடு சிரித்தார், புரையேறியது. யாராவது பதிலுக்கு ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தார். யாரும் சொல்லவில்லை. "என்னடா, சாவு வீடு மாதிரி இருக்கீங்க?"

"பசி" என்றான் நபோர்.

முதல் பாதியில் மூன்று கோல் வாங்கினார்கள். ஐந்து பேர் பின்னால் நின்றும் மூன்று. இரண்டாவது பாதிக்குச் சீட்டு இசாவ்ரோவுக்கு விழுந்தது. அவருக்கு ஸ்கிரீன் சரியாகத் தெரியாது. டிவிக்கு இரண்டடி தள்ளி ஒரு பசை டப்பாவைப் போட்டு உட்கார்ந்தார். ஆட்டத்தைத் தொடங்காமல் ஃபார்மேஷன் பக்கத்தைத் திறந்தார்.

"என்ன பண்றீங்க, கொம்பாத்ரே?" என்றார் கூக்கோ.

"மாத்தறேன்."

"அஞ்சை எடுக்கக் கூடாது."

"எதுக்கு அஞ்சு?" இசாவ்ரோ திரும்பவில்லை. "இனிமே பின்னால என்ன வெச்சிருக்கோம், காவல் காக்க?"

பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று. எட்டு வருடத்தில் முதல் தடவை அந்தப் புள்ளிகள் ஸ்கிரீனில் இடம் மாறி நின்றன. கூக்கோ பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை.

ஆட்டம் கந்தலாகப் போயிற்று. இன்னும் இரண்டு வாங்கினார்கள். ஆனால் எல்லோரும் முன்னாலேயே ஓடினார்கள், தொரிபியோகூட. யாரோ உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, வயிறு இல்லாத சோனின் முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அதுவும் சோன்தான். ஐந்துக்கு இரண்டு. பட்டறையில் ஒரு சத்தம் எழுந்தது. நிஜச் சோன் எழுந்து நின்றான். கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஏப்ரனில் துடைத்தான். "பாத்தீங்களா" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். "பாத்தீங்கள்ல."

எல்லோரும் போன பிறகு கூக்கோவும் இசாவ்ரோவும் கதவைப் பூட்டினார்கள். வெயில் இன்னும் தெருவில் இருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள்.

"லிஸ்டு அவன் போட்டதா?" என்று கேட்டார் இசாவ்ரோ.

"நான் போட்டது."

இசாவ்ரோ தலையை ஆட்டினார். ஒரு பஸ் வந்து, நின்று, போயிற்று. அவர்களுடையது இல்லை.

"கண்ணாலயா?"

"கண்ணு. அப்புறம் பசங்க வடக்க இருக்காங்கன்னு."

"பசங்க நாலு மாசமாப் பேசறதில்ல."

கூக்கோவுக்கு அது தெரியாது. முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜை. "சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா வேற ஒருத்தனை எழுதியிருப்பீங்க." இசாவ்ரோ கையை நீட்டி அடுத்த பஸ்ஸை நிறுத்தினார். படியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கோணத் தையலைப் பிரிச்சுத் தைச்சது நீங்கன்னு எனக்குத் தெரியும். என் தையல் அவ்வளவு மோசமா இருக்காது."

திங்கட்கிழமை காலையில் கூக்கோ பட்டறைக் கதவைத் திறந்து திரும்பினால், வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எண்ணினார். பதினெட்டு. குளித்து, தலை சீவி, சுத்தமான சட்டையில் பதினெட்டுப் பேர். சான் லூனெஸுக்கு இப்படி ஒரு அவமானம் லெயோனில் யாரும் செய்ததில்லை. வீட்டில் படுத்திருக்க முடியாமல் ஒவ்வொருவனும் தனித்தனியாக வந்திருந்தான். மற்றவனும் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.

"என்னடா இது?" என்றார் கூக்கோ. "பாதிப் பேர் திரும்பிப் போங்கடா. நாலு பேராவது போங்க. சந்தேகம் வரும்."

யார் போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மறுபடியும் ஆளைப் பொறுக்க வேண்டும். கூக்கோ வாயைத் திறந்தார். ஒரு பேரும் வரவில்லை. அதற்குள் இன்ஜினியரின் கார் வந்துவிட்டது.

தாரியோ இறங்கி எண்ணினான். அவன் உதடு அசைவதைக் கூக்கோ பார்த்தார்.

"பதினெட்டும் இருக்கு! திங்கக்கிழமை யாரும் வர மாட்டாங்கன்னீங்க, டான் கூக்கோ?"

நாற்பது வருடத்தில் ஒரு முதலாளிக்கு கூக்கோ பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"நான் வந்து நாலு மாசத்துல பழக்கம் மாறுது பாருங்க" என்றான் தாரியோ. அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம். "நல்லது. எல்லாரும் இருக்கீங்க. எதுக்கு நாளைக்குன்னு தள்ளிப்போடணும்?"

சட்டைப்பையிலிருந்து கூக்கோ கொடுத்த தாளையே எடுத்தான். கூக்கோவின் கையெழுத்து வெளிச்சத்தில் பின்பக்கம் தெரிந்தது. வெளியே என்று எழுதியிருந்தவர்களை ஒவ்வொரு பேராகப் படித்தான். ஒவ்வொருவரும் அதிர்ச்சி அடைய வேண்டிய இடத்தில் அடைந்தார்கள். அந்த நடிப்பு யாருக்கும் நன்றாக வரவில்லை. தொரிபியோ காதைக் கொடுத்து, "என்ன, என்ன?" என்று இரண்டு தடவை கேட்டார். சோன் மட்டும், "கன்னித்தாயே!" என்று கத்திக் கதவைப் பிடித்துக்கொண்டான். ரொம்பப் பண்றான் என்று பக்கத்தில் நின்ற நபோர் அவன் காலை மிதித்தான். மிதித்துவிட்டுத் திரும்பினால், சோன் அழுதுகொண்டிருந்தான்.

ஏழாவதாக இசாவ்ரோ ஒர்னெலாஸ் என்று படித்துவிட்டுத் தாரியோ தாளை மடித்தான். ஏழு. எட்டாவது பேர் இல்லை. கூக்கோ அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உள்ளே போய்க் கையைத் தொட்டிக் குழாயில் நீட்டினார். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த வார வெள்ளிக்கிழமையும் துண்டுத் தோலை எடுத்தார். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தது பதினொரு பேர். யாரையும் வெளியே வைக்க வேண்டாம். ஆனாலும் எழுதினார், ஆணி சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. தொட்டியில் யாரும் அதைப் படிக்க நிற்கவில்லை. முற்றத்தில் மிஷின் ஓடுகிற சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை மக்காரியோ வந்தார். குவாகமாயா வந்தது, ஏழு ரொட்டி மீந்தது. டிவியைப் போட்டதும் இசாவ்ரோ விட்டுப்போன ஃபார்மேஷன் அப்படியே வந்து நின்றது. பின்னால் மூன்று.

"அஞ்சுக்கு மாத்தட்டுமா, டான் கூக்கோ?" என்றான் நபோர்.

"இருக்கட்டும்."

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது. கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்கிரீனின் மூலையில் நபோருடைய ஆளின் பலம் சிவப்பாகி மின்னியது. ஓடி ஓடிக் களைத்துவிட்டான். ஆளை மாற்றச் சொல்லி கேமே பெஞ்சைத் திறந்து காட்டியது. அங்கே ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொரிபியோ கண்ணாடியோடு. சோன் வயிறு இல்லாமல். களைப்பே இல்லாத ஏழு பச்சைக் கோடு. முதலில் இசாவ்ரோவின் முகம்.

கன்ட்ரோலரைப் பிடித்திருந்த நபோர் கூக்கோவைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

கூக்கோ பையில் கையை விட்டார். அதில் ஒரு ஜோடிக் குட்டி ஷூ இருந்தது. வியாழக்கிழமை இசாவ்ரோ வீட்டுக்கு வந்து வைத்துவிட்டுப் போனது. கூக்கோவின் விரலுக்கு அந்தத் தையல் தெரியவில்லை. நேராக இருக்கிறதா, கோணலா என்று எடுத்துப் பார்க்கவும் இல்லை.

"உள்ள இறக்கு" என்றார்.

கேமில் இசாவ்ரோ எழுந்தார். கோட்டுக்கு வெளியே நின்று ஒரு தடவை குதித்தார். கூட்டத்துக்குக் கை தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். பந்து அவரைத் தாண்டிப் போயிற்று. துரத்தினார், ஓட்டம் முப்பத்தெட்டு.

"யாருடா இவன்?" என்று சிரித்தார் மக்காரியோ. "ஓடறானா, நிக்கறானா?"

நபோர் பந்தை மறுபடியும் அவருக்கே தள்ளினான். ஆட்டம் முடிய இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.